வேப்பம்பட்டுக்குப் போன லாரி பேட்டரி

நிக்கோபார்
12 ஜூன் 2024

அன்புள்ள ஷரீஃபுன்னிசாவுக்கு உன் கணவன் கலீல் ரகுமான் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சரியாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிடாதே. இனாயா புது வகுப்புக்குப் போக ஆரம்பித்துவிட்டாளா?

போர்ட் பிளேரிலிருந்து சின்னக் கப்பலில் இரண்டு ராத்திரி. வழியெல்லாம் வாந்தி. இந்தத் தீவில் டவர் என்று ஒன்று நிற்கிறது, ஆனால் பேச முடியாது. நேற்று நீ "ஹலோ" என்றது கேட்டது, பிறகு வெறும் இரைச்சல். ஆகையால் கடிதம்தான் நமக்கு. கப்பல் வரும்போது தபால் போகும். பூந்தமல்லி வந்து சேர எப்படியும் இரண்டு மூன்று வாரம் ஆகும்.

வேலை கஷ்டமில்லை. சோலார் தகடுகளிலிருந்து வரும் கரண்டை ஒரு ஹால் முழுக்க வரிசையாக நிற்கும் பேட்டரிகளில் ஏற்றி, சாயங்காலம் தீவுக்கு விடுகிறார்கள். ஒவ்வொரு செல்லும் இனாயாவின் இடுப்பு உயரம். தண்ணீர் ஊற்றுவது, ஆசிட் அடர்த்தி பார்ப்பது, முனைகளைத் துடைப்பது, இதுதான் என் பொறுப்பு. பதினேழு வருடம் கடையில் செய்ததுதான்.

கடையைப் பற்றிக் கவலைப்படாதே. பெரிய ஷோரூம்கள் வந்தபின் நம் கடையில் என்ன கூட்டம் இருந்தது? திறந்து வைத்திருந்தால் போதும். யாராவது கேட்டால் பாய் வெளியூர் போயிருக்கிறார் என்று சொல். பெரிய வியாபாரமெல்லாம் நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

துஆவில் என்னை மறக்காதே.
கலீல்

பூந்தமல்லி
8 ஜூலை 2024

அன்பு மச்சானுக்கு ஷரீஃபா எழுதிக்கொண்டது. வ அலைக்கும் ஸலாம். இங்கே எல்லாரும் நலம். உங்கள் வயிறு சரியானதா? கப்பல் சாப்பாட்டுக்குப் பிறகு ஓமத் தண்ணீர் குடித்தீர்களா? உங்கள் பையில் ஓமப் பொட்டலம் வைத்திருக்கிறேன், தேடிப் பாருங்கள். என் முழங்கால் பரவாயில்லை.

இனாயாவை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டுக் கடையைத் திறக்கிறேன். முதல் வாரம் எட்டிப் பார்த்தவர்கள் எல்லாம் "பாய் இல்லியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். எனக்கும் விலை தவிர ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. பிறகு அம்பத்தூர் டிஸ்ட்ரிபியூட்டர் கோதண்டம் சாரிடமிருந்து சர்வீஸ் பார்க்க ஹேமநாதன் என்பவர் வந்தார். அன்று காட்டுப்பாக்கத்திலிருந்து ஒருவர் சண்டைக்கு நின்றார். ஒரே வருடத்தில் பேட்டரி செத்துவிட்டது, கம்பெனி ஏமாற்றிவிட்டது என்றார். ஹேமநாதன் கோபப்படாமல், அது காருக்கான பேட்டரி, அதைக் கொண்டுபோய் வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டியிருக்கிறீர்கள் என்று காட்டினார். வண்டியைக் கிளப்ப ஒரு நொடி வேகம் போதும், அதனால் உள்ளே மெல்லிய தகடுகளாக நிறைய இருக்கும். வீட்டில் ஃபேனும் லைட்டும் மணிக்கணக்கில் ஓட வேண்டும், அதற்குத் தடித்த குழாய் மாதிரி தகடு வைத்த ட்யூபுலர்தான் தாங்கும். முன்னது இப்படி அடிமட்டம்வரை காலியானால் சில மாதத்தில் போய்விடும், பின்னது ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றினால் ஐந்தாறு வருடம் வரும்.

இதை நான் நன்றாகப் பிடித்துக்கொண்டேன். மறுநாளே ஐயப்பன்தாங்கல் ஃப்ளாட்டிலிருந்து வந்த ஒரு தம்பதிக்கு நானே சொன்னேன். கேட்டுவிட்டு இரண்டு ட்யூபுலர் எடுத்தார்கள். ஹேமநாதன் வாரத்தில் ஒரு நாள் வந்து இன்னும் சொல்லித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இனாயா ஸலாம் சொல்லச் சொன்னாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
உங்கள் ஷரீஃபா

நிக்கோபார்
30 ஜூலை 2024

ஷரீஃபாவுக்கு ஸலாம். நான் நலம். ஓமம் கிடைத்தது.

நீ எழுதியதைப் படித்தேன். கார் பேட்டரிக்கும் ட்யூபுலருக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு நீ எழுதித்தான் தெரிய வேண்டுமா? கல்யாணமான நாளிலிருந்து நான் இதைத்தானே செய்துகொண்டிருந்தேன். ஒரு நாளாவது நீ கேட்டதுண்டா? நான் கடையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போவாய். இப்போது யாரோ வந்து சொன்னால் ஒரு பக்கம் எழுதும் அளவுக்கு மனதில் நிற்கிறது.

யார் இந்த ஹேமநாதன்? நான் இருந்தபோது தமிழரசு என்று ஒரு வயதானவர்தான் சர்வீஸுக்கு வருவார், அதுவும் கூப்பிட்டால் பத்து நாள் கழித்து. இவர் கூப்பிடாமலே வாரம் ஒரு நாள் வருகிறாரே, கோதண்டம் சார் அவருக்கு வேறு வேலை கொடுக்கவில்லையா? எந்தக் கிழமை வருகிறார், எவ்வளவு நேரம் இருக்கிறார்? வயது என்ன? தவறாக நினைத்துக் கேட்கவில்லை. கடைத்தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், அதற்காகத்தான்.

இங்கே மழை ஆரம்பித்துவிட்டது. இனாயாவுக்கு என் முத்தம்.
கலீல்

பூந்தமல்லி
24 ஆகஸ்ட் 2024

அன்பு மச்சானுக்கு ஸலாம். நலம், உங்கள் நலமே வேண்டும். மழையில் நனையாதீர்கள், உங்களுக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது.

ஹேமநாதனுக்கு முப்பத்து நாலு வயது இருக்கும். மனைவி பெயர் திவ்யா, ஆவடியில் ஒரு ஸ்கூலில் டீச்சர். புதன்கிழமை வருவார், ஷட்டர் முழுக்கத் திறந்த கடையில் வாசல் பக்கம் நின்று பேசுவார். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். போதுமா?

அடுப்பில் பால் இருந்ததால்தான் எழுந்து போனேன், மச்சான். அது பொங்கினால் யார் துடைப்பது?

ஒரு சந்தோஷமான சேதி. அம்பத்தூரில் டீலர்கள் கூட்டம் போட்டார்கள். இந்த மூன்று மாதத்தில் பூந்தமல்லி வட்டாரத்தில் இன்வெர்ட்டர் பேட்டரி அதிகம் போனது நம் கடையில்தான் என்று சொல்லி என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். சால்வை போட்டார்கள். ஃபோட்டோ வைத்திருக்கிறேன், பாருங்கள். 

இப்போது ஒரு விஷயம், உங்கள் யோசனை வேண்டும். வேப்பம்பட்டிலிருந்து ஏகாம்பரம் என்று ஒரு பெரியவர் வந்தார். மனைவி அஞ்சலை அம்மாவுக்கு நுரையீரல் கெட்டு, வீட்டிலேயே ஆக்ஸிஜன் மெஷின் வைத்திருக்கிறார்கள். "மழை வந்தா எங்க பக்கம் கரண்ட் எப்போ போவும், எப்போ வரும்னே தெர்ல மா. மெஷின் நின்னா அவ மூச்சும் நின்னுடும். கைல ஒரு சின்ன சிலிண்டர் கீது, அது ஒரு மணி நேரம் வந்தா பெருசு" என்று சொன்னபோது அவர் கண் கலங்கிவிட்டது. ஹேமநாதனிடம் கேட்டேன். இரண்டு பெரிய ட்யூபுலர், அதற்குத் தகுந்த இன்வெர்ட்டர், வீட்டுக்கே போய் மெஷின் எவ்வளவு இழுக்கிறது என்று அளந்து மாட்ட வேண்டும் என்கிறார். அந்த அளவு கோதண்டம் சார் குடோனிலிருந்துதான் வரவேண்டும். நானும் கூடப் போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். உயிர் சம்பந்தப்பட்டது, அதனால் உங்களைக் கேட்காமல் செய்ய மனம் வரவில்லை. மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. உடனே பதில் போடுங்கள்.

உங்கள் ஷரீஃபா

அத்தா, நான் இனாயா. கடையில இப்ப எல்லாரும் "அக்கா இருக்காங்களா"ன்னுதான் கேக்கறாங்க. அம்மா இல்லன்னா அப்புறம் வரோம்னு போயிடறாங்க.

நிக்கோபார்
13 செப்டம்பர் 2024

ஷரீஃபாவுக்கு.

ஸலாம். ஃபோட்டோ வந்தது. சால்வை போடுகிறவர் கோதண்டம் சார். உனக்கு இடப்பக்கம் நீலச் சட்டையில் நிற்கிறவர் யார்? அவர்தானே? மேடையில் அத்தனை டீலர்கள் இருக்க, சர்வீஸ் ஆள் ஏன் உன் பக்கத்தில் நிற்க வேண்டும்? நீ சிரிக்கிறாய். நம் வீட்டு ஃபோட்டோக்களில் நீ இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அக்கா என்று கூப்பிட்டால் ஒருவர் தம்பி ஆகிவிடுவாரா?

பதினேழு வருடம் கடை நடத்தினேன். என்னை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை.

வேப்பம்பட்டு விஷயம். நீ அவரோடு ஊர் ஊராக அலைய வேண்டாம். அவர் அளக்கவும் வேண்டாம். நம் கடையில் பின்பக்கம் ஒரு பெரிய லாரி பேட்டரி புதிதாக நிற்கிறது. அதையும், ஷோகேஸில் இருக்கும் இன்வெர்ட்டரையும் கொடுத்து அனுப்பு. நல்ல கனமான பேட்டரி, தாங்கும். வேறு கடையிலும் வாங்கித் தரவேண்டாம், நம் பெயர்தான் கெடும். இது என் முடிவு.

மற்றதற்கு நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன். நீ ஒன்றும் பேச வேண்டியதில்லை.

உடம்பு நலம்.
கலீல்

பூந்தமல்லி
16 அக்டோபர் 2024

மச்சானுக்கு ஸலாம். இங்கே நலம். இனாயாவுக்கு நாலு நாள் காய்ச்சல் இருந்தது, இப்போது ஸ்கூலுக்குப் போகிறாள்.

நீலச் சட்டைக்காரர் ஹேமநாதன்தான். எல்லா டீலர் பக்கத்திலும் அவரவர் சர்வீஸ் ஆள் நின்றார்கள்.

இரண்டு வாரமாக அவர் வருவதில்லை. ஃபோன் செய்தால் எடுப்பதில்லை. கோதண்டம் சார் ஆபீசில் கேட்டால், உங்கள் ஏரியா வேறு ஆளுக்கு மாறியிருக்கிறது, இன்னும் யாரென்று முடிவாகவில்லை என்கிறார்கள். நான் ஆர்டர் போட்ட ட்யூபுலரும் வரவில்லை. நான் ஏதாவது தவறாகப் பேசிவிட்டேனா என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன்.

ஏகாம்பரம் அண்ணன் மூன்று தரம் வந்துவிட்டார். நீங்கள் எழுதியபடி லாரி பேட்டரியைக் கொடுத்து அனுப்பினேன். எனக்கு மனம் ஒப்பவில்லை, மச்சான். அதுவும் வண்டியைக் கிளப்புகிற ஜாதிதானே. எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தகடு மெல்லியதுதானே. இருந்தாலும் என்னைவிட உங்களுக்குத் தெரியும் என்று கொடுத்தேன். இது தற்காலிகம், ட்யூபுலர் வந்ததும் மாற்றித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். முதல் நாள் மூன்று மணி நேரம் ஓடியதாம். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்று எழுதியிருந்தீர்களே, என்ன செய்தீர்கள்?

ஷரீஃபா

நிக்கோபார்
5 நவம்பர் 2024

என் அன்பு ஷரீஃபாவுக்கு ஆயிரம் ஸலாம்.

உன் கடிதம் கண்டு மனம் லேசானது. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதில் நிம்மதி. வேப்பம்பட்டுக் காரியத்தை நான் சொன்னபடி முடித்தாயே, அதில் எனக்கு மிகவும் சந்தோஷம். மூன்று மணி நேரம் ஓடியது என்கிறாய், பிறகென்ன கவலை?

கம்பெனி ஆட்கள் அப்படித்தான், இன்று வருவார்கள் நாளை மாறுவார்கள். அதைப் போய் மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. இனி சந்தேகம் வந்தால் எனக்கு எழுது. எத்தனை பக்கம் வேண்டுமானாலும் பதில் போடுகிறேன்.

இங்கே வாரக்கணக்கில் வெயிலே இல்லை. பேட்டரிகளுக்கு முழு சார்ஜ் ஏறுவதில்லை. அரைகுறையாக நின்றால் தகட்டில் வெள்ளை படிந்து இறுகிவிடும். இரண்டு வரிசை ஏற்கெனவே மந்தம். டீசல் ஜெனரேட்டரைப் போட்டு ஒருமுறை நிரப்பி ஏற்ற வேண்டும் என்று கேட்டிருக்கிறேன், மேலே இருப்பவர்கள் காதில் விழவில்லை.

இனாயாவுக்குச் சிப்பி பொறுக்கி வைத்திருக்கிறேன். உனக்கும் ஒன்று, உள்பக்கம் இளஞ்சிவப்பு. உன் முழங்காலுக்கு இங்கே ஒரு தேங்காய் எண்ணெய்த் தைலம் கிடைக்கிறது, வரும்போது கொண்டுவருகிறேன்.

உன் கலீல்

பூந்தமல்லி
11 டிசம்பர் 2024

மச்சானுக்கு.

ஸலாம். நானும் பிள்ளையும் நலம். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பத்து நாள் முன்னால் புயல் மழையில் வேப்பம்பட்டு முழுக்கக் காலையிலிருந்து கரண்ட் இல்லை. அதற்கு முன் மழையிலும் ஐந்தாறு தரம் அந்த லாரி பேட்டரி முழுக்கக் காலியாகி ஏறியிருக்கிறது. ஒவ்வொரு தரமும் ஓடும் நேரம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. அந்தப் பெண் கஷ்டப்பட்டுக் கொடுத்தது, குறை சொல்லக்கூடாது என்று அவர் என்னிடம் சொல்லவில்லை. அன்று முக்கால் மணி நேரம்கூட வரவில்லை. சிலிண்டரைத் திறந்திருக்கிறார்கள். தெருவில் முழங்கால் தண்ணீர், ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் டிராக்டரில் அஞ்சலை அம்மாவைப் படுக்க வைத்துத் திருநின்றவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். போய்ச் சேரும்போது உதடு நீலம். சிலிண்டர் தீர்ந்திருந்தது.

உயிரோடு இருக்கிறார். ஒன்பது நாள் ஐ.சி.யூ.வில் இருந்தார். இப்போது எழுந்து உட்காரவும் ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏகாம்பரம் அண்ணன் என்னைத் திட்டவில்லை. "நீ தற்காலிகம்னு சொன்னியே மா, நாந்தான் மறுபடி வந்து கேக்காம வுட்டேன்" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அங்கிருந்து நேராக அம்பத்தூர் போனேன். கோதண்டம் சார் முன்னால் நின்று, ஏன் ஆளும் வரவில்லை, சரக்கும் வரவில்லை, எனக்கு இன்றைக்குத் தெரியவேண்டும் என்றேன். அவர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். உங்கள் வீட்டுக்காரர்தான் எழுதியிருந்தார், ஹேமநாதன் உங்களிடம் தகாத முறையில் நடக்கிறார், அவரை அனுப்பக்கூடாது, தான் வரும்வரை புது ஆர்டரும் எடுக்கக்கூடாது என்று. குடும்ப விஷயம் என்று உங்களிடம் கேட்கவில்லை என்றார்.

ஹேமநாதனைக் கிருஷ்ணகிரிக்கு மாற்றிவிட்டார்கள். திவ்யா ஆவடியில் தனியாக இருக்கிறாள், நிறைமாதம். அவள் ஸ்கூல்வரை இந்தப் பேச்சு போயிருக்கிறது.

தகாத முறை என்று நான் உங்களிடம் எப்போது சொன்னேன்? அவருடைய நிழல்கூட என்மேல் பட்டதில்லை.

லாரி பேட்டரி எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று உங்களுக்குத் தெரியாதா? பதினேழு வருடம் என்கிறீர்களே. நானும் தெரிந்தேதான் கொடுத்தேன், உங்கள் வார்த்தைக்காக. இனி அப்படிச் செய்யமாட்டேன்.

ட்யூபுலர் இரண்டும் அதற்கான இன்வெர்ட்டரும் நேற்று வந்தன. நானே கொண்டுபோய், புதிதாக வந்த சர்வீஸ் ஆளை வைத்து அளந்து மாட்டிவிட்டேன்.

ஷரீஃபுன்னிசா

நிக்கோபார்
13 டிசம்பர் 2024

ஷரீஃபாவுக்கு ஸலாம்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. இரண்டு கப்பல் வந்து போய்விட்டன. மற்றவர்களுக்கெல்லாம் தபால் வருகிறது. நான் கப்பல் துறையில் நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறேன்.

கடையில் அவ்வளவு வேலையா, அல்லது வேறு யாராவது வந்து சொல்லித் தருகிறார்களா? அவர் மறுபடியும் வருகிறாரா? மறைக்காமல் எழுது. இங்கே படுத்தால் அந்த நீலச் சட்டைதான் கண்ணில் நிற்கிறது. என் இடத்தில், என் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்து நினைத்துச் சோறு இறங்குவதில்லை.

இனாயாவாவது இரண்டு வரி எழுதலாமே.
கலீல்

நிக்கோபார்
4 ஜனவரி 2025

ஷரீஃபா,

ஸலாம் சொல்லக்கூட வெட்கமாக இருக்கிறது. உன் கடிதத்தைக் கப்பல் துறையிலேயே பிரித்துப் படித்தேன். அஞ்சலை அம்மா இப்போது எப்படி இருக்கிறார்? அதை முதலில் எழுது.

தெரியாமல் எழுதவில்லை. லாரி பேட்டரி அதற்கு ஆகாது என்று எனக்குத் தெரியும். சில மாதம் தாங்கும், அதற்குள் நான் வந்துவிடுவேன், நானே போய் மாற்றிக் கொடுத்து நல்ல பெயர் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த ஆள் உன்னோடு ரயிலேறி வேப்பம்பட்டு போவது மட்டும்தான் அப்போது என் கண்ணில் தெரிந்தது. அந்த அம்மாளின் மூச்சு தெரியவில்லை.

கோதண்டம் சாருக்கு எழுதியதும் அதே நாளில்தான். உன் கடிதத்தில் இல்லாத வார்த்தையை நானாகச் சேர்த்தேன்.

உண்மையைச் சொன்னால் என் கோபம் ஹேமநாதன் மேல் மட்டும் இல்லை. அக்கா இருக்காங்களா என்று கேட்கிறார்கள் என்று இனாயா எழுதினாளே, அந்த வரியைத்தான் நான் பலமுறை படித்தேன். நான் உட்கார்ந்திருந்தபோது ஈ ஓட்டிய கடை. நான் போன மூன்று மாதத்தில் சால்வை. உன்மேல்தான் எனக்குப் பொறாமை, ஷரீஃபா. உன்மேல் என்று ஒத்துக்கொள்ள முடியாமல் அவர்மேல் போட்டேன். ஒரு மனிதனைக் காட்டிக் கோபப்பட்டால் ஆம்பளைக் கோபம் மாதிரி இருந்தது.

இங்கேயும் நிலைமை சரியில்லை. பாதி பேட்டரிகள் போய்விட்டன. மேகத்தின் மேல் பழி போட்டு எழுதினேன். ஆனால் நானும் அடர்த்தி பார்க்க வேண்டிய பல நாட்கள் பார்க்காமல், உனக்கு என்ன பதில் எழுதுவது என்று உட்கார்ந்திருந்தேன். சோதனைக்கு வந்த அதிகாரி பதிவேட்டில் எழுதாமல் விட்ட நாட்களை எண்ணிக் காட்டினார். ஒப்பந்தத்தை முடித்துவிட்டார்கள்.

கோதண்டம் சாருக்கு நேற்று எழுதினேன். நான் எழுதியது முழுக்கப் பொய், ஹேமநாதன் நல்ல மனிதர், இதை ஆபீசில் எல்லாருக்கும் படித்துக் காட்டுங்கள் என்று கேட்டிருக்கிறேன். ஹேமநாதனுக்குத் தனியாக எழுத உட்கார்ந்தேன். நாலு காகிதம் கிழித்தேன், வரவில்லை.

பிப்ரவரி இருபத்தெட்டாம் தேதி கப்பல் சென்னை வரும் என்கிறார்கள். நான் வரலாமா? வந்து எங்கே உட்காருவது என்று தெரியவில்லை.

கலீல்

பூந்தமல்லி
25 ஜனவரி 2025

மச்சானுக்கு வ அலைக்கும் ஸலாம். நாங்கள் நலம். கப்பலில் வெறும் வயிற்றோடு இருக்காதீர்கள்.

அஞ்சலை அம்மா வாசல்வரை நடக்கிறார். பழையபடி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

உங்கள் கடிதத்தைக் கோதண்டம் சார் ஆபீசில் படித்துக் காட்டினாராம். ஹேமநாதன் இந்த மாதக் கடைசியில் ஆவடிக்கு வந்துவிடுவார். பெண் குழந்தை பிறந்திருக்கிறது. நான் போய்ப் பார்த்தேன். திவ்யா என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. குழந்தையை மட்டும் கையில் கொடுத்தாள். நம் ஏரியாவுக்கு இனி வேண்டாம் என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டாராம். நான் வற்புறுத்தவில்லை.

டீலர்ஷிப் இந்த மாதம் என் பெயருக்கு மாறிவிட்டது. கோதண்டம் சார் கேட்டார், நான் சரி என்றேன். உங்களிடம் யோசனை கேட்டு எழுதவில்லை. திருவேற்காடு, ஐயப்பன்தாங்கல் என்று வீட்டுக்குப் போய் மாட்டும் வேலை நிறைய வருகிறது. அதற்குக் கை தெரிந்த ஆள் வேண்டும். விருப்பம் இருந்தால் நீங்கள் வாருங்கள். கடையில் நாற்காலி இரண்டு போடலாம், இடம் இருக்கிறது. ஆனால் யாருக்கு எது போகும் என்று நான்தான் சொல்வேன்.

பொறாமை என்று எழுதினீர்களே, அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் உங்கள்மேல் கோபமே வரவில்லை. மூன்றாம் நாள் வந்தது. இன்னும் இருக்கிறது. அது இருக்கும்போதே நீங்கள் வரவேண்டியதுதான்.

இருபத்தெட்டாம் தேதி நான் துறைமுகத்துக்கு வரமாட்டேன். அன்று ஏகாம்பரம் அண்ணன் வீட்டுப் பேட்டரிக்குத் தண்ணீர் பார்க்கிற நாள். நீங்கள் கப்பலைவிட்டு இறங்கி பீச் ஸ்டேஷனில் திருவள்ளூர் வண்டி ஏறுங்கள். வேப்பம்பட்டில் இறங்கி, ரயில்வே கேட்டைத் தாண்டி யாரிடம் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள். பெட்டியோடு அங்கே வாருங்கள். வீட்டுக்கு அப்புறம் போகலாம்.

அந்த அம்மா நீங்கள் யாரென்று கேட்பார். என் கணவர் என்று நான் சொல்கிறேன். மற்றதை நீங்கள் சொல்லுங்கள்.

ஷரீஃபுன்னிசா